தீவனம் கூடியது, பால் குறைந்தது: 10 கறவைப் பசுக்கள் உள்ள ஒரு பண்ணையின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

கறவையில் 10 பசுக்கள், பால் வற்றிய சினைப்பசுக்கள் 3, கூடவே சில கிடேரிகளும் கன்றுகளும். எல்லாம் கலப்பினம், ஒவ்வொன்றும் 400 முதல் 450 கிலோ எடை இருக்கும். கணவனும் மனைவியும் சேர்ந்து நடத்தும் பண்ணை. கறப்பதற்கு ஒரு ஆள். கணக்கு நோட்டு மனைவியின் பொறுப்பில் இருந்தது. மொத்தப் பால், ஃபேட் (பாலின் கொழுப்புச் சதவீதம்), வாங்கிய தீவன மூட்டை ஆகியவற்றை அன்றன்றைக்கு எழுதி வைத்திருந்தார். தனித்தனி மாட்டின் பால் அளவு மட்டும் நோட்டில் இல்லை.

கோடை தொடங்குவதற்கு முன் ஒரு நாளைக்கு 118 லிட்டர் வந்துகொண்டிருந்தது, கொழுப்பு 3.9 சதவீதம். மூன்று மாதத்தில் அது 96 லிட்டராகவும் 3.2 சதவீதமாகவும் இறங்கியது. கறவை நாள் ஏற ஏறப் பால் குறைவது இயற்கைதான். ஆனால் இந்த மூன்று மாதத்தில் 3 மாடுகள் வற்றியபோது அவற்றின் இடத்துக்குப் புதிதாகக் கன்று ஈன்ற 3 மாடுகள் வந்திருந்தன. அப்படியிருக்க மொத்தம் பழைய அளவை ஒட்டியாவது நின்றிருக்க வேண்டும். புதிதாக ஈன்ற மூன்றும் போன ஈற்றில் உச்சத்தில் 17 லிட்டர் அளவுக்குக் கறந்தவை. இந்த முறை 13-ஐத் தாண்டவில்லை.

பால் குறையக் குறைய உரிமையாளர் அடர்தீவனத்தை (தானியம், பிண்ணாக்கு, தவிடு கலந்த செறிவான தீவனம்) கூட்டினார். ஒரு மாட்டுக்கு நாளைக்கு நாலரை கிலோ என்றிருந்ததை 6 கிலோ ஆக்கியதாகச் சொன்னார். அதற்கும் பலன் இல்லை என்றதும், வீட்டிலேயே அரைத்துக் கலக்கிய தூள் தீவனத்தை நிறுத்திவிட்டு, சிறு குச்சிகளாக இறுக்கி விற்கும் குச்சித் தீவனத்துக்கு மாறினார். பிறகு கால்சியம் டானிக். இரண்டு மாடுகளை விற்றுவிடலாமா என்ற பேச்சு வந்த கட்டத்தில்தான் கால்நடை மருத்துவரான என்னைக் கூப்பிட்டார்கள்.

முதல் நாள் பார்த்தவை

தீவனத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன் சாணத்தைப் பார்ப்பது என் வழக்கம். இங்கே ஒரே தீவனம் தின்னும் 10 மாடுகளின் சாணம் ஒரே மாதிரி இல்லை. சிலவற்றில் தண்ணீராக, நுரைத்து, பளபளப்பாக இருந்தது. அதில் செரிக்காத மக்காச்சோளத் துண்டுகள் கையில் தட்டுப்பட்டன. வயிற்றுக்குள் போன தானியம் வேலை செய்யாமலே வெளியே வந்துகொண்டிருந்தது.

காலைத் தீவனம் முடிந்து இரண்டு மணி நேரம் கழித்துப் போய் எண்ணினேன். கொட்டகையில் 10 மாடுகள் சும்மா இருக்க, அசைபோட்டவை 3. அந்த நேரத்தில் பாதிக்கு மேல் அசைபோட வேண்டும். ஒரு பசு நாளில் ஏழெட்டு மணி நேரம் அசைபோடும். அப்போது சுரக்கும் எச்சில்தான், தின்றது முதலில் போய் நொதிக்கும் பெரிய வயிறான அசையூன் வயிற்றின் புளிப்பைத் தணிக்கிறது. நாளைக்கு 100 லிட்டருக்கு மேல் எச்சில் சுரக்கும் பிராணி அது. அசை குறைந்தால் எச்சில் குறையும், எச்சில் குறைந்தால் வயிற்றில் அமிலம் ஏறும். இங்கே அசைபோட வைக்கிற வைக்கோல்தான் தொட்டியில் மிஞ்சிக் கிடந்தது.

அடுத்து தீவன அளவு. ‘ஆறு டப்பா’ என்பதுதான் கணக்கு: காலையில் மூன்று, மாலையில் மூன்று. டப்பாவைத் தராசில் வைத்துப் பார்த்தோம். பழைய தூள் தீவனம் கொஞ்சம் மிச்சமிருந்தது. அதை நிரப்பினால் சரியாக 1 கிலோ. அதே டப்பாவில் குச்சித் தீவனத்தைக் கோபுரம் இல்லாமல் நிரப்பினால் 1.25 கிலோ. டப்பா மாறவில்லை, உள்ளே இருந்த பொருளின் அடர்த்தி மாறிவிட்டது. ஆக 6 கிலோ என்று நினைத்துப் போட்டது ஏழரை கிலோ. அதுவும் இரண்டே வேளையில், கறவையின்போது, வெறும் வயிற்றில். ஒரு வேளைக்கு 3.75 கிலோ என்பது எந்தப் பசுவுக்கும் அதிகம். இரண்டு, இரண்டரை கிலோவைத் தாண்டாமல் பிரித்துக் கொடுப்பதுதான் பாதுகாப்பு.

அப்புறம் உலர்பொருள் (தீவனத்தில் தண்ணீர் போக மிஞ்சுவது) கணக்கைப் போட்டுப் பார்த்தோம். இந்த நிகழ்வில் பெரும்பாலான கேள்விகளுக்கு விடை இந்தக் கணக்கில்தான் இருக்கிறது என்பதால் விரிவாகவே சொல்கிறேன். முன்பு ஒரு மாடு 20 கிலோ பசுந்தீவனம், 4 கிலோ வைக்கோல், நாலரை கிலோ அடர்தீவனம் தின்றது. பசுந்தீவனத்தில் ஐந்தில் ஒரு பங்குதான் உலர்பொருள்; வைக்கோலிலும் அடர்தீவனத்திலும் பத்தில் ஒன்பது பங்கு. கூட்டினால் ஏறக்குறைய 11.6 கிலோ. இப்போது பசுந்தீவனம் 15 கிலோவாகக் குறைந்துவிட்டது. கோடையில் புல் அவ்வளவுதான் கிடைத்தது. வைக்கோலில் 2 கிலோ தின்றுவிட்டு மிச்சத்தை ஒதுக்குகிறது. அடர்தீவனம் ஏழரை. கூட்டினால் 11.5 கிலோ. மூன்று மாதமாக இவ்வளவு தீவனத்தைக் கூடுதலாகக் கொட்டியும் மாட்டின் வயிற்றுக்குள் கூடுதலாக எதுவும் போகவில்லை. நார் வெளியேறிய இடத்தில் மாவு உட்கார்ந்தது, அவ்வளவுதான். மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்காக இருந்த அடர்தீவனம் பாதியைத் தாண்டி 60 சதவீதத்தை நெருங்கிவிட்டது.

கொழுப்பு 3.9-லிருந்து 3.2-க்கு இறங்கியதற்கும் இதுவே போதுமான காரணம். நார் செரிக்கும்போது உண்டாகும் அசிட்டிக் அமிலம்தான் பால் கொழுப்புக்கு முக்கிய மூலப்பொருள். நார் குறைந்தால் கொழுப்பு குறையும்.

தண்ணீரும் இரவும்

தண்ணீர் நாளைக்கு மூன்று முறை வாளியில் காட்டப்பட்டது. “போதும்னு அதுவே தலையைத் தூக்கிடும் டாக்டர்” என்றார் உரிமையாளர். உண்மைதான், தூக்கியது. ஆனால் அடுத்த மாட்டுக்கு வாளி போக வேண்டும் என்பதால், தூக்கிய தலை மறுபடி குனிவதற்குள் வாளி நகர்ந்துவிடும். வாளிகளை எண்ணினோம்: ஒரு மாட்டுக்கு நாளொன்றுக்குச் சுமார் 45 லிட்டர்.

பாலில் 87 சதவீதம் தண்ணீர். ஒரு லிட்டர் பாலுக்கு 3 முதல் 5 லிட்டர் தண்ணீர் என்பது பொதுவான கணக்கு, வெயில் காலத்தில் இன்னும் கூடும். இங்கே இன்னொரு சங்கதியும் இருந்தது. பசுந்தீவனத்தில் 5 கிலோ குறைந்தபோது அதோடு வந்துகொண்டிருந்த 4 லிட்டர் தண்ணீரும் போய்விட்டது. உலர்ந்த தீவனம் கூடியதால் தாகமும் கூடியது. தேவை ஏறி, வரத்து இறங்கி, வாளி மட்டும் அதே மூன்று முறை. தண்ணீர் குடிக்காத மாடு தீவனமும் தின்னாது. வைக்கோல் மிஞ்சியதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே எடுத்துக்கொண்டோம்.

இரவு 8 மணிக்குத் தொட்டி காலியாகிவிடும். அடுத்து மாட்டின் வாய்க்கு ஏதாவது வருவது காலை 5 மணிக்கு, அதுவும் நேரடியாக அடர்தீவனம். வைக்கோலின் பெரும்பங்கு உச்சி வெயிலில் போடப்பட்டது. தகரக் கூரை, தாழ்வான கொட்டகை. மதியம் மாடுகள் வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றன. வெயிலில் தவிக்கும் பசு தின்பதைக் குளிர்ந்த நேரத்துக்குத் தள்ளிப் போடும். அது தின்னத் தயாராகும் நேரத்தில் தொட்டியில் ஒன்றுமில்லை; தொட்டி நிறைந்த நேரத்தில் அதற்குத் தின்ன முடியவில்லை.

கறவையில் கண்டது

இதைப் பார்க்காமல் போயிருப்பேன். கிளம்பும் முன் மாலைக் கறவை தொடங்கியதால் நின்றேன். கறவை ஆள் வேகமானவர், சுத்தமானவர். முதலில் குழாயைப் பிடித்து 10 மாட்டின் மடியையும் வரிசையாகக் கழுவிவிட்டார். பிறகு முதல் மாட்டிலிருந்து கறக்க ஆரம்பித்தார்.

மடியைத் தொட்டுக் கழுவியதும் ஆக்சிடோசின் சுரந்து, ஓரிரு நிமிடத்தில் பால் இறங்கும். அதன் வேகம் நீடிப்பது ஐந்து, ஏழு நிமிடங்கள்தான். முதல் மாட்டுக்கு இது பொருந்தியது. கடைசி மாட்டுக்கு முறை வரும்போது கழுவி முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. கடைசி நான்கு மாடுகளும் ‘பாலை அடக்குற மாடு’ என்று பெயர் வாங்கியிருந்தன. அவற்றில் இரண்டுதான் விற்கலாமா என்று யோசித்த மாடுகள். ஈர மடியோடு நின்றதால் அழுக்குத் தண்ணீர் காம்பு நுனியில் சொட்டிக்கொண்டிருந்தது. கலிபோர்னியா மடிநோய்ச் சோதனையில் (கறந்த பாலில் ஒரு கரைசலைக் கலந்து, மறைந்திருக்கும் மடிநோயைப் பார்ப்பது) 3 மாடுகளில் ஏதாவது ஒரு காம்பின் பாலாவது கெட்டிப்பட்டுக் காட்டியது. மூன்றிலும் வெளியே வீக்கமோ பாலில் திரியோ இல்லை.

புதிதாக ஈன்ற மூன்றின் சிறுநீரில் கீட்டோன் (தீனி போதாமல் உடம்புக் கொழுப்பு கரைவதன் அடையாளம்) பார்த்ததில் ஒன்றில் லேசாக இருந்தது. மூன்றும் விலா தெரிய இளைத்திருந்தன. இதற்கு நேர்மாறாக, கறவைக் காலத்தின் கடைசியில் நாளைக்கு ஆறேழு லிட்டர் கறக்கும் மாடுகள் மூன்றும் வால் அடியில் கொழுப்பு ஏறிக் கொழுகொழுவென்று நின்றன. எல்லாவற்றுக்கும் ஒரே ஆறு டப்பா என்பதன் விளைவு.

அசையூன் வயிற்று நீரை எடுத்து அமிலத்தன்மையை அளக்கவில்லை. மிதமான, தொடர் அமிலநோய் என்ற முடிவு சாணம், அசை, கொழுப்பு, தீவனக் கணக்கு ஆகிய நான்கையும் சேர்த்து எடுத்தது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றவில்லை. எது வேலை செய்தது என்று தெரிய வேண்டும் என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமான காரணம், இளைத்துப்போன புது மாடுகள். நார்த்தீவனம் தின்பது கூடுவதற்கு முன் அடர்தீவனத்தை வெட்டினால் அவை இன்னும் சரிந்துவிடும். அசையூன் வயிற்று நுண்ணுயிரிகள் புதுத் தீவனத்துக்குப் பழக இரண்டு, மூன்று வாரம் எடுக்கும் என்பதையும் கணக்கில் வைத்தோம்.

அதனால் முதல் பத்து நாட்கள் தீவன அளவில் கை வைக்கவே இல்லை. தீவனத் தொட்டிக்கு எதிரே இரண்டு மாட்டுக்கு ஒன்று வீதம் தண்ணீர்த் தொட்டி வைத்து, மிதவை வால்வு போட்டு, இரவும் பகலும் தண்ணீர் இருக்கும்படி செய்தோம். பாசி பிடிக்காமல் வாரம் இரண்டு முறை தேய்த்துக் கழுவுவது. மதிய வைக்கோலில் பெரும்பங்கை இரவு 9 மணிக்கு மாற்றி, நறுக்கிப் போடுவது. கறவை ஆளிடம் ஒரே ஒரு மாற்றம் கேட்டோம்: ஒரு மாட்டைக் கழுவி, துடைத்து, உடனே அதைக் கறந்து முடித்துவிட்டு அடுத்த மாட்டுக்குப் போவது. அவருக்கு இது பிடிக்கவில்லை. நேரம் இழுக்கும் என்றார். இரண்டு நாள் செய்து பாருங்கள் என்று கேட்டுக்கொண்டோம்.

பத்து நாள் கழித்துத்தான் அடர்தீவனம். அப்போதுதான் வாக்குவாதம் வந்தது. “குறைஞ்சுபோன பாலுக்குத் தீனியையும் குறைக்கச் சொல்றீங்களே” என்றார் வீட்டம்மா. நியாயமான கேள்வி. நோட்டைத் திருப்பி, அவர் கைப்பட எழுதியதையே காட்டினோம்: தீவனம் கூடிய ஒவ்வொரு முறையும் அடுத்த இரண்டு வாரத்தில் கொழுப்பு இறங்கியிருந்தது. அவர் அதன் பிறகு மறுக்கவில்லை. உரிமையாளருக்கு முழுச் சம்மதம் இல்லைதான்.

பாலை அளந்து தீவனம் என்று வைத்துக்கொண்டோம். இரண்டரை லிட்டர் பாலுக்கு 1 கிலோ, உடம்புப் பராமரிப்புக்கு மேலும் 1 கிலோ. புது மாடுகளுக்குக் கறப்பதற்கு ஏற்ப அல்ல, கறக்க வேண்டியதற்கு ஏற்ப ஆறரை கிலோ. கறவைக் காலத்தின் நடுவில் இருந்த மாடுகள் நான்குக்கும் 5 கிலோ. கொழுத்த மூன்றுக்கும் 3 கிலோ. ஒரு வாரத்தில் படிப்படியாக இறக்கினோம். நாளுக்கு நான்கு வேளையாகப் பிரித்து, ஒவ்வொரு முறையும் வைக்கோலோ புல்லோ தின்ற பிறகு. வயிற்றுப் புளிப்பைத் தணிக்க முதல் மூன்று வாரம் தலைக்கு 100 கிராம் சமையல் சோடா, நிரந்தரமாக 50 கிராம் தாதுஉப்புக் கலவை. டப்பாவின் வெளிப்புறத்தில் பெயின்ட்டால் 1 கிலோ கோடு போடப்பட்டது. பண்ணை முழுவதும் 75 கிலோவாக இருந்த அடர்தீவனம் 49 கிலோவுக்கு வந்தது.

மடிநோய்ச் சோதனையில் சிக்கிய மூன்றையும் கடைசியில் கறக்கவும், கறந்ததும் காம்பைக் கிருமிநாசினியில் முக்கவும் சொன்னோம். கட்டுக்கயிற்றின் நீளத்தைக் கூட்டி, ஈரம் தேங்கிய தரையைச் சரிசெய்தார்கள். பசு நாளில் பாதி நேரம் படுத்திருக்க வேண்டும். அதற்கு உலர்ந்த இடம் வேண்டும்.

பின்தொடர்ந்தவை

தண்ணீர் வைத்த முதல் வாரத்திலேயே ஒரு மாடு குடிக்கும் அளவு சராசரி 75 லிட்டரைத் தாண்டியது. அதில் கணிசமான பங்கு இரவில் குடித்தது. பத்தாம் நாள் மொத்தப் பால் 103 லிட்டர், தீவனம் ஒரு கிலோகூடக் கூடாமல். தண்ணீரா, இரவு வைக்கோலா, கறவை முறையா என்று பிரித்துச் சொல்ல முடியாது. மூன்றும் ஒன்றாக வந்தன. ஆனால் பாலை அடக்கும் மாடுகள் என்று சொல்லப்பட்ட நான்கில் மூன்று இரண்டாம் நாளே பாலை விட்டன. அதைக் கறவை முறையின் கணக்கில் எழுதலாம். கறவை ஆளும் அதற்கப்புறம் நேரத்தைப் பற்றிப் பேசவில்லை; மொத்தத்தில் நேரம் கூடவும் இல்லை, ஏனென்றால் கடைசி மாடுகளோடு மல்லுக்கட்டும் வேலை மிச்சமானது.

அடர்தீவனத்தை இறக்கிய வாரம் பால் 100-க்கு இறங்கியது. எதிர்பார்த்ததுதான், முன்கூட்டியே சொல்லியும் வைத்திருந்தோம். இருந்தும் ஒரு மாலை உரிமையாளர் பழைய அளவுக்கே திரும்பிவிடலாமா என்று போன் செய்தார். அந்த வாரக் கொழுப்பு எவ்வளவு என்று கேட்டேன். 3.4. இன்னும் ஒரு வாரம் பார்ப்போம் என்று முடிவானது. அடுத்த வாரம் 3.6. சாணம் கெட்டிப்பட்டது, சோளத் துண்டுகள் மறைந்தன, அசைபோடுபவை 10-க்கு 6, 7 என்று ஏறின.

ஆறாம் வார முடிவில் நாளுக்கு 110 லிட்டர், கொழுப்பு 3.8. கொழுப்பாக மட்டும் கணக்கிட்டால் நாளைக்கு 3.1 கிலோவாக இருந்தது 4.2 கிலோ ஆகிவிட்டது. கொழுத்த மூன்று மாடுகளும் பாதிக்கும் குறைவான தீவனத்தில் ஏறக்குறைய அதே பாலைக் கறந்தன. அவற்றுக்குக் கொடுத்த மிச்சமெல்லாம் இவ்வளவு நாளும் முதுகில்தான் ஏறியிருக்கிறது. ஐந்தாம் வாரத்தில் மழை பெய்து வெப்பம் தணிந்தது. அதனால் கடைசிப் பத்து நாள் ஏற்றத்தில் ஒரு பங்கு வானிலைக்குப் போக வேண்டும்.

திரும்பாதவையும் உண்டு. புதிதாக ஈன்ற மூன்றும் சராசரி 15 லிட்டரைத் தாண்டின, 17-ஐத் தொடவில்லை. ஈன்று 6 முதல் 8 வாரத்தில் வரும் உச்சம் அவற்றுக்கு முடிந்துபோயிருந்தது. உச்சத்தில் 1 லிட்டர் போனால் அந்தக் கறவைக் காலம் முழுவதிலும் சுமார் 200 லிட்டர் போகும் என்பது அனுபவக் கணக்கு. அந்த இழப்பைத் தீவனத்தால் மீட்க வழி இல்லை. மடிநோய் இருந்த மூன்றில் ஒரு மாட்டின் பின்காம்பு ஒன்று சிகிச்சைக்குப் பிறகும் தேறவில்லை, அந்தக் காம்பை மட்டும் வற்றவிட்டார்கள். இரண்டாம் மாதத்தில், எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்த நேரத்தில், ஒரு மாடு நொண்ட ஆரம்பித்தது. குளம்பின் அடியில் இரத்தக் கசிவின் தடம். வயிற்றில் அமிலம் ஏறிய காலத்தின் பாதிப்பு குளம்பு வளர்ந்து வெளியே வரும்போதுதான் தெரியும், அதற்குச் சில வாரங்கள் பிடிக்கும். தீவன மாற்றத்தால்தான் நொண்டுகிறது என்று நினைத்து மறுபடி பழைய அளவுக்குப் போகாமல் தடுக்க, இதை விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது.

அடுத்த முறை மாற்ற வேண்டியவை

மாதம் ஒரு நாள், இரு வேளையும், ஒவ்வொரு மாட்டின் பாலையும் தனியாக அளந்து எழுதுவது. இது முன்பே இருந்திருந்தால், கறவை வரிசையின் கடைசியில் நிற்கும் மாடுகள் மட்டும் அதிகமாகக் குறைவதும் புது மாடுகள் உச்சத்தை எட்டாததும் முதல் மாதத்திலேயே கண்ணில் பட்டிருக்கும். மொத்தப் பால் எண்ணிக்கையில் இவை ஒன்றையொன்று மறைத்துக்கொண்டன. வீட்டம்மா இப்போது நோட்டில் மாட்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, ஈன்ற தேதியை மேலே எழுதியிருக்கிறார்.

தீவனம் மாற்றும்போதெல்லாம் டப்பாவை மறுபடி எடை போடுவது. கோடைக்கு முன்பே இரவுத் தீவனத்துக்கு மாறுவது, கூரையின் மேல் ஓலையோ வைக்கோலோ பரப்புவது. புல் குறையும் மாதங்களுக்கு நார்த்தீவனத்தை முன்கூட்டிச் சேர்த்து வைப்பதில் உரிமையாளர் இப்போது இறங்கியிருக்கிறார். அடர்தீவனத்தைக் கூட்ட வேண்டிய நெருக்கடியே அங்கிருந்துதான் தொடங்கியது.

வற்றுக்காலப் பசுக்களின் பக்கம் வேலை இன்னும் முடியவில்லை. அவை பின்புறத் தனிக் கொட்டகையில் நிற்கின்றன. பால் தராத மாடு என்பதால் அங்கே வைக்கோல் மட்டும்தான் போய்க்கொண்டிருந்தது. புதிதாக ஈன்ற மூன்றும் இளைத்துக் கிடந்ததற்கு ஈன்ற பிறகு கொடுத்த தீவனம் மட்டும் காரணமாக இருக்க முடியாது; ஈனுவதற்கு முந்தைய 60 நாள் வற்றுக்காலத்தில் தாதுஉப்பும் இல்லை, கடைசி மூன்று வாரத்தில் அடர்தீவனத்துக்குப் பழக்குவதும் இல்லை. இப்போது கடைசி மூன்று வாரத்துக்கு ஒன்றரை, இரண்டு கிலோ என்று தொடங்கியிருக்கிறார்கள். தண்ணீர் அங்கே இன்னும் வாளியில்தான். குழாய் இழுக்கும் வேலை அடுத்த மாடு ஈனுவதற்குள் முடிய வேண்டும்.